பரணுக்கு வேர்க்குது நைனா!

இன்னா நைனா, பரணுல மிஷின் வாங்கி வெச்சிருக்கியாமே? தெருவே பேசுது. காத்துல கீற ஈரத்தை உறிஞ்சி டப்பாவுல ரொப்புமாம். சுவத்துல சின்னதா ஒரு பொட்டி வேற மாட்டியிருக்கியாம். அதுல நம்பர் ஓடுமாம். நம்பர் ஏறுனா உன் போனுக்குத் தகவல் வருமாம். நீ ஆபீஸ்ல குந்திகினே "அய்யய்யோ, பரணு நனையுதே"ன்னு கவலைப்படலாமாம். ஷோக்கா கீது. எங்க காலத்துல வூட்டுக்கு வந்துதான் கவலைப்படணும்.

ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. மிஷினு ஓடுற நேரத்துல அதுக்குப் பக்கத்துலயே வெண்டிலேட்டரு ஆன்னு தொறந்து கெடக்குதே, அத்தப் பாத்தியா? அது வழியா வர்றது இன்னா காத்து? கடக்காத்து. ராயபுரத்துல குந்திகினு, வெண்டிலேட்டரைத் தொறந்து போட்டுகினு, காத்துல ஈரத்தை உறிஞ்சறேன்னா இன்னா அர்த்தம்? வங்காள விரிகுடாவை வத்த வெக்கறேன்னு அர்த்தம். கரண்டு பில்லு வந்ததும் சொல்லு. கடலு எத்தினி அடி எறங்கிச்சுன்னு நா காசிமேட்டாண்ட போய்ப் பாத்துட்டு வரேன்.

"வீடியோவுல சொன்னாங்க தாத்தா"ன்றே. யாரு சொன்னது? அமெரிக்கா தொரை. அவரு வூடு எப்டி கீது? சாஞ்ச கூரை. அதுக்குக் கீழ ஆளு ஊந்து போற அளவுக்கு எடம். அதுக்குப் பேரு அட்டிக். வெளிய பனி கொட்டுது. உள்ள அடுப்பு எரியுது, வெந்நீர்ல குளிக்கறாங்க. அந்தச் சூட்டுக்காத்து ஈரத்தைத் தூக்கிகினு மேல போவுது. சில்லுன்னு கீற கூரைப் பலகையில முட்டுது, தண்ணியாவுது, பலகை இத்துப்பூடுது. அதுக்கோசரம் அவங்க ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்காங்க. 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி காத்து வழி வுடணும்னு. ரூமுக்கு உள்பக்கமா பிளாஸ்டிக் தாளும் அடிக்கறாங்க. அவங்க ஊருக்கு அது நாயம்தான். அங்க ஈரம் உள்ளேந்து வெளிய போவுது. இங்க? வெளியேந்து உள்ள வருது. அந்தத் தாளை நீயும் உள்பக்கமா அடிச்சா, சுவரு வழியா வர்ற ஈரம் தாளுக்குப் பின்னாடி மாட்டிகினு அங்கயே குடும்பம் நடத்தும். தொரை பெத்த பேரு வாங்குவாரு. நீ பூஞ்சை வளப்பே.

மொதல்ல நம்ம பரணு எதுன்னு பாரு. அடுப்பாங்கரைக்கு மேல ரெண்டடி அகலத்துல ஒரு சிமெண்டுப் பலகை. பாத்ரூமுக்கு மேல இன்னொண்ணு. அதுல பித்தள அண்டா, கொலு பொம்மை, கல்யாண ஆல்பம், ஓடாத மிக்சி, உங்கம்மா சீதனமா கொண்டாந்த டிரங்குப் பொட்டி. எடுக்கவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மாட்டோம். ஆனா 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் தண்ணி வூட்டுக்குள்ள பூந்துச்சே, அப்ப எல்லாச் சாமானும் எங்க ஏறிச்சு? அங்கதான். மிக்ஜாமப்போ எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் வந்து சுவரெல்லாம் கறுப்பாச்சு. ரேஷன் கார்டையும் பட்டாவையும் காப்பாத்துனது அந்த ரெண்டடிப் பலகைதான். அதனால பரணை நா கேலி பண்ண மாட்டேன். உன்னைத்தான் பண்ணுவேன்.

அந்தப் புயலுக்கு மேல ஏறுன சாமான்ல பாதி நனைஞ்ச சாமான். பாயி, மெத்தை, கம்பளி. வெள்ளம் வடிஞ்சுச்சு, எறக்கிக் காய வெச்சியா? "அப்பால பாத்துக்கலாம்"னு வுட்டே. ஈரத்தை நீயே கையால தூக்கி மேல வெச்சிட்டு, அத்த உறிஞ்ச மிஷினு வாங்கறியே, இன்னா மூளைப்பா உனக்கு!

நா ஹார்பர்ல இருந்தவன். கப்பல் வயித்துக்குள்ள எறங்கி மூட்டை எண்ணுனவன். கப்பலுக்கும் வேர்க்கும்னு உனக்குத் தெரியுமா? சிரிக்காத. இங்க சூட்டுல, புழுக்கத்துல சாமானை ஏத்திகினு குளிர் தேசத்துக்குப் போவுது ஒரு கப்பலு. வெளிய குளிர, மேல்தளத்து இரும்பு சில்லுன்னு ஆவுது. உள்ள கீற புழுக்கக் காத்து அதுல பட்டு, சொட்டுச் சொட்டா மூட்டை மேல வுழும். அது கப்பல் வேர்வை. அப்ப காத்து வழியைத் தொறக்கணும். குளிர் தேசத்துலேந்து சில்லுன்னு இரும்புத் தகடு ஏத்திகினு மெட்ராசுக்கு வருது இன்னொரு கப்பலு. இங்க வந்து மூடியைத் தொறந்து காத்து வுட்டா இன்னா ஆவும்? நம்ம ஊரு ஈரக்காத்து உள்ள போயி, சில்லுன்னு கீற தகட்டுல தண்ணியா படியும். மறுநாளு தகடு பூரா துரு. அது சரக்கு வேர்வை. அப்ப காத்து வழியை மூடியே வெக்கணும். உலகத்துல எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கப்பக்காரனுக்கு இதுதான் பாடம். சூட்டுலேந்து குளிருக்குப் போனா தொற, குளிருலேந்து சூட்டுக்கு வந்தா மூடு.

உனக்கு வெளங்கலையா? பொட்டிக்கடை ஐஸ் பொட்டியிலேந்து கோலி சோடா எடுத்து வெளிய வெச்சா, பாட்டிலுக்கு வெளிய தண்ணி முத்து முத்தா நிக்குதே. பாட்டில் ஓட்டைன்னா சொல்லுவே? உன் பரணு சுவரும் அதே பாட்டில்தான். அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏசி ரூமு. நீ 18ல வெச்சிகினு கம்பளி போத்திகினு தூங்கறே. வெயில் காலத்து ராத்திரியில நம்ம ஊரு காத்துல கீற ஈரத்துக்கு, 25, 26 டிகிரிக்குக் கீழ எது சில்லுன்னு ஆனாலும் அது மேல தண்ணி நிக்கும். ஒம்பது இஞ்சு சுவரா இருந்தா கொஞ்சம் தாங்கும். நாலரை இஞ்சு சுவரு தாங்குமா? பரணுப்பக்கம் வேர்த்துக் கொட்டுது. பொட்டி பின்னாடி கறுப்பா பூஞ்சை. நீ பெயிண்டுக்காரனைத் திட்டறே.

2020லேந்து ஏசிப் பொட்டி கம்பெனியிலேந்து வர்றப்பவே 24ல வெச்சுத்தான் வரணும்னு கவர்மெண்டு சொல்லியிருக்கு. அது கரண்டு மிச்சம் பண்றதுக்கு. நா அதுக்கு மேல ஒண்ணு சொல்றேன், 26ல வை, பேனைப் போடு. சுவரு காஞ்சி கெடக்கும், கம்பளியும் மிச்சம். ஆனா நீ கேக்க மாட்டே. துட்டு குடுத்து வாங்குன ஏசி, குளுருலன்னா கவுரவம் இன்னா ஆவறது?

இன்னொரு விசயம் கீது. கடலுக்குப் பக்கத்துல குடியிருக்கோம். உப்பு ஜாடியில உப்பு கசிஞ்சி கெடக்குதே, ஏன்? காத்துல ஈரம் நூத்துக்கு 75க்கு மேல போனா உப்பு தானா தண்ணியை இழுக்கும். நம்ம ஊர்ல காலம்பர 75 தாண்டறது சர்வ சாதாரணம். இப்ப சொல்லு, சுவத்துலயும் உப்பு இருந்தா? கடக்காத்து கொண்டாந்து அப்புன உப்பு வெளிய. துட்டு மிச்சம்னு மேஸ்திரி சரியா கழுவாம கலந்த மண்ணுல கீற உப்பு உள்ள. சுவரே தண்ணியை இழுத்துகினு நிக்குது. வெயில் வந்தா காயும், வெள்ளையா பூக்கும், பூச்சு உப்பும், பொலபொலன்னு கொட்டும். நீ அது மேல பட்டி பாத்து, பிளாஸ்டிக் பெயிண்டு அடிச்சு, "ஈரம் பூடுச்சு தாத்தா"ன்றே. எங்க பூடுச்சு? கதவைச் சாத்திட்டே, திருடன் உள்ளதான் கீறான். உப்பு பூத்த எடத்தை வறட்டு பிரஷ்ல தேய்ச்சுக் கூட்டி வெளிய கொட்டு. பூச்சு செத்துருந்தா செதுக்கி எடு. காய வுடு. அப்பால சுண்ணாம்பு அடி. சுண்ணாம்பு மூச்சு வுடும், பூஞ்சைக்கும் அது ஆவாது. பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பாலதான் ஒரு காலத்துல மெட்ராசே நின்னுச்சு. இப்ப அத்த அடிச்சா ஏழை வூடுன்னு சொல்லிடுவாங்களாம். சொல்லிட்டுப் போறாங்க.

சரி, மேல வா. மாடிக்கு. பரணுல ஈரம்னு சொல்ற பத்து பேர்ல எத்தினி பேரு மொட்டை மாடிக்கு ஏறிப் பாத்தவங்க? வடாம் காய வெக்கறவங்களைத் தவிர எவனும் ஏற மாட்டான்.

பழைய ராயபுரத்து வூட்டு மச்சைப் பாத்திருக்கியா? தேக்கு விட்டத்துக்கு மேல, செங்கல்லை நிக்க வெச்சு, கோணலா வரிசை கட்டி, சுண்ணாம்புச் சாந்துல புடிச்சிருப்பாங்க. மெட்ராஸ் டெரஸ்னு இன்ஜினீரு புஸ்தகத்துலயே பேரு கீது. ஊரு பேருல ஒரு கூரை, எந்த ஊருக்குக் கெடைக்கும்? அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பொம்பளைங்க வரிசையா குந்திகினு கட்டையால அடிப்பாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்ச தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு அடிப்பாங்க. நாள் கணக்கா அடிப்பாங்க. அடி கொறைஞ்சா தளம் ஒழுவும். அது மேல தட்டோடு. எல்லாம் ஒரு பக்கமா வாட்டம். வுழுந்த தண்ணி நிக்காம ஓடிப் போயி தூம்புல எறங்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். விட்டம் சுவத்துல சொருவுற முனை மட்டும் ஈரம் பட்டா கறையான் ஏறும். அத்த மட்டும் கண்ணுல வெளக்கெண்ணெய் வுட்டுகினு பாத்துக்குவாங்க.

இப்ப உன் மாடியைப் பாரு. கான்கிரீட்டு, மேல ஓடு. வாட்டம் எங்க? தூம்புப் பக்கம் மேடு, நடுவுல பள்ளம். மழை வுட்டு ரெண்டு நாளாச்சு, காக்கா இன்னும் குளிச்சிகினு கீது. சென்னைக்கு வருசத்துல சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேந்து டிசம்பருக்குள்ள ஒரே மூச்சுல கொட்டிடும். அந்தத் தண்ணி நின்னா, ஓட்டு இடுக்குல எறங்கும், ஜல்லியில தங்கும். மழை வுட்ட ஒரு மாசத்துக்கு அப்பால உன் பரணு மேல சொட்டும். அப்ப நீ வானத்தைப் பாப்பே. வெயிலு அடிக்கும். "மழையே இல்லையே, எப்டி ஒழுவுது"ன்னு மண்டையைச் சொறிவே.

தூம்பு ஏன் அடைக்குது? முன்னாடியெல்லாம் ஹார்பர்ல நிலக்கரியும் இரும்புத் தாதும் எறக்குவாங்க. எங்க மாடியெல்லாம் கறுப்பு மாடி. வெள்ளை வேட்டி காயப் போட்டா பழுப்பு வேட்டி எடுப்போம். 2011ல ஐகோர்ட்டு உத்தரவுக்கு அப்பால அதெல்லாம் இங்க நின்னுச்சு, நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் பூடுச்சு. ராயபுரம் மூச்சு வுட்டுச்சு, எண்ணூர்க்காரன் இருமறான். இன்னிக்கும் அங்க சாம்பலும் கரித்தூளும் தூம்புல சேறா இறுவிக் கெடக்குது. எந்த ஊரு தூம்பா இருந்தாலும், ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு கம்பியை வுட்டுக் குத்து, ஒரு பக்கெட் தண்ணியை ஊத்து. சர்ருன்னு போச்சுன்னா சரி. இதுக்கு எந்த ஆப்பும் வேணாம்.

கைப்பிடிச் சுவத்துல அரசங்கன்னு மொளைச்சிருக்கும். "அரச மரம் சாமி"ன்னு வுட்டுராத. சாமி பேரால அது உன் தளத்தைப் பொளக்கும். சின்னதுலயே வேரோட புடுங்கு. தண்ணி டேங்கு வழிஞ்சி ஓரமா பாசி படிஞ்சிருக்குதா, மிதவை வால்வு போயிருக்கு. பூந்தொட்டியைத் தரையோட ஒட்டி வெச்சிருந்தா, கீழ ரெண்டு செங்கல் குடு.

"மேல ரப்பர் பெயிண்டு அடிச்சிட்டா போதுமாம், பத்து வருசம் கேரண்டியாம்"ன்றே. அடி, வேணாங்கல. ஆனா எப்ப அடிக்கறே? ஒழுவுறப்போ ஞாபகம் வந்து, கார்த்திகை மாசத்துல, ஈரத் தளத்து மேல அடிக்கறே. உள்ள மாட்டுன தண்ணி வெயில் வந்ததும் ஆவியா எழும்பி, பெயிண்டை அப்பளமா உப்ப வெக்கும். மாசி, பங்குனியில தளம் எலும்பா காஞ்சதுக்கு அப்பால அடி. அடிக்கறதுக்கு முன்னாடி தூம்பை அடைச்சி ஒரு நாளு தண்ணி கட்டி வை, எங்க சொட்டுதுன்னு பாரு, மறுபடி காய வுடு. ஓட்டை எங்கன்னு தெரியாம மாடி பூரா துட்டைப் பூசறவன் புத்திசாலியா?

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நம்ம ஜனம் மாடியில சீட்டு போட்டு ஒரு ரூம் எறக்கி வெச்சிருக்காங்க. மார்கழியில மழை இல்லாத நாளா இருக்கும், ஆனா விடிகாலையில மூஞ்சியில சொட்டும். பேய் கீதுன்னு எலுமிச்சம்பழம் கட்டுனவங்களும் உண்டு. பேயி இல்லப்பா, பனி. ராத்திரி வெட்டவெளியைப் பாத்துகினு கெடக்கற தகரம், சுத்தி கீற காத்தை விட சில்லுன்னு ஆவுது. உள்ள நாலு பேரு மூச்சு வுடறீங்க, அதுல கீற ஈரம் தகரத்துக்கு அடியில படியுது, சேந்ததும் சொட்டுது. தகரத்துக்குக் கீழ ஒரு தென்னங்கீத்துத் தட்டி கட்டு, கீத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒரு சாண் எடம் வுட்டு. ரெண்டு ஓரத்துலயும் எதிரும் புதிருமா காத்து வழி வை. தெர்மாகோல் ஒட்டறவங்களும் கீறாங்க. ஒட்டு, ஆனா எலிக்கு அது மேல பிரியம் ஜாஸ்தி.

இப்ப கொஞ்சம் சிரிப்பை ஓரமா வை. பரணு பலகைக்கு அடியில, தலைக்கு மேல, கோடு போட்டாப்புல நீளமா விரிசல் வுட்டு, பழுப்புக் கறை எறங்கிச்சுன்னா அது வெறும் ஓதம் இல்ல. உள்ள கம்பி துரு புடிக்குது. நல்ல கான்கிரீட்டு கம்பியைக் காப்பாத்தும். கடலுப்பு உள்ள போயிட்டா அந்தக் காவல் பூடும். துரு புடிச்ச இரும்பு பல மடங்கு பருக்கும். பருத்தா எங்க போவும்? கான்கிரீட்டைப் பொளந்துகினு வரும். ஒரு நாளு சோத்துத் தட்டுல வுழும். அதுக்கு பட்டி பாத்தா போதாது. செத்த கான்கிரீட்டைத் தட்டிக் கொட்டி, கம்பியைப் பளிச்சுன்னு தேய்ச்சு, துருப்புடிக்காத பூச்சு குடுத்து, அப்பால கட்டணும். கம்பியே மெலிஞ்சி பூடுச்சுன்னா இன்ஜினீரைக் கூப்புடு. மேஸ்திரி வேணாம்.

திருவொற்றியூர் அரிவாக்குளத்துல 2021 டிசம்பர் 27ந் தேதி குடிசை மாற்று வாரிய அடுக்கு ஒண்ணு அப்டியே உக்காந்துச்சே, 24 வூடு. எதனாலன்னு சொல்ல நா இன்ஜினீரு இல்ல. ஆனா ஒரு உசுரு போவல. ஏன்? விரிசலைப் பாத்த ஜனம் "பெயிண்டு அடிச்சா மறைஞ்சிடும்"னு சொல்லிகினு ஒக்காரல, எறங்கி வெளிய வந்துச்சு. அவங்ககிட்ட ஈரம் அளக்கற பொட்டி இல்ல. கண்ணு இருந்துச்சு.

சாமானு வெக்கறதுக்கும் ஹார்பர் பாடம்தான். கப்பல்ல மூட்டையை இரும்போட ஒட்டி அடுக்க மாட்டோம். அடியில கட்டை, பக்கவாட்டுல பாயி. டன்னேஜ்னு பேரு. மூட்டையைச் சுத்தி காத்து ஓடணும். பரணுலயும் சுவத்தோட ஒட்டி வெக்காத. நாலு வெரலு எடம் வுடு. டிரங்குப் பொட்டிக்கு அடியில ரெண்டு ரீப்பர் குடு. அட்டைப் பொட்டி வேணவே வேணாம். அது ஈரத்தை இழுக்கும், கரப்பானுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. பட்டா, பத்திரம் எல்லாம் மூடி இறுக்கமா கீற எவர்சில்வர் டப்பாவுல, நல்லா காஞ்ச நாள்ல மூடி வை. ஷூ பொட்டியில வருதே சின்னச் சின்ன உறிஞ்சற பொட்டலம், அத்தத் தூக்கிப் போடாம உள்ள போடு. உனக்குத்தான் வாரம் ஒரு ஷூ வருதே. மெத்தையை மேல ஏத்துறதா இருந்தா, முழு வெயில்ல காய வெச்சு, சூடு ஆறுனதும் ஏத்து. சுடச்சுட பிளாஸ்டிக் பைக்குள்ள திணிச்சா அது உள்ளயே வேர்க்கும்.

அடுப்பாங்கரைப் பரணுக்குப் பெரிய எதிரி கடலு இல்ல, உங்க வூட்டு சோத்துப் பானை. குக்கர் விசில் அடிக்கறப்போ ஆவி நேரா எங்க போவுது? அந்த எக்ஸாஸ்ட் பேனு பல்லு இளிச்சிகினு சுவத்துல கீது. சத்தம் போடுதுன்னு நிறுத்தி வெச்சிருக்கே. போன்ல பாட்டு மட்டும் சத்தமா கேக்கலாம், இல்ல? மழை நாள்ல ரூமுக்குள்ள கொடி கட்டி ஜீன்ஸ் காய வெக்கறதும் அதே கதைதான். அந்தத் தண்ணியெல்லாம் எங்கயோ மாயமாப் போவுதுன்னு நெனைக்கறியா? அண்ணாந்து பாரு.

எப்ப தொறக்கறது, எப்ப மூடறது? அதான கேக்கறே. கத்திரி வெயில்ல, மே மாசத்துல, காலம்பரலேந்து மேலக்காத்து அடிக்கும். அனல் காத்து. உன் சட்டை ஒட்டாது, ஒதடு காயும். அதுதான் பரணுக்குத் திருநாளு. எல்லாத்தையும் எறக்கு, கதவைத் தொற, வெண்டிலேட்டரைத் தொற, பேனைப் போடு. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து திரும்பும். ஜனமெல்லாம் "அப்பாடா"ன்னு ஜன்னலைத் தொறக்கும். நீ பரணை மூடு. ஆளுக்கு சொகமான காத்து, டிரங்குப் பொட்டிக்கு ஆவாது. ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்தும் மழையுமா இருக்கறப்போ தொறக்கவே தொறக்காத. நடுவுல ரெண்டு நாளு வெயில் அடிச்சா, பத்து மணிக்கு மேல தொறந்து சாயங்காலத்துக்குள்ள மூடு. ஏசி ஓடி சில்லுன்னு கீற ரூமாண்ட இருந்தா, அத்த அணைச்சிட்டு, சுவரு சூடு ஏறுனதுக்கு அப்பால தொற.

மிஷினை இன்னா பண்றதுன்னு கேக்கறியா? வித்துராத. அடைமழையில கதவு, வெண்டிலேட்டர் எல்லாத்தையும் சாத்திட்டு ஓட வுடு, அப்ப வேலை செய்யும். அதுல சேர்ற தண்ணியைக் குடிச்சித் தொலைக்காத, பாத்ரூம் கழுவு. நாளைக்குக் காலம்பர வா, மொதல்ல மாடித் தூம்பைக் குத்தலாம். எனக்கு முட்டி வலி, ஏணி ஏற மாட்டேன். நீ ஏறு. நா கீழ நின்னு ஏணியைப் புடிச்சிகினு, இன்னா தப்பா பண்றேன்னு சொல்லிகினே இருக்கேன்.